விழுங்காதே என்று எழுதிய டியூப்

ஓய்வு பெற்றவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் சும்மா சாப்பிட விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கடைசியாக வேலை செய்த பல் மருத்துவமனையில் ஒருவர் மாற்றலாகிப் போனார், அதற்கு விருந்து. பிரியாணியில் கை வைத்ததுமே இளையவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு இப்போது புதுத் தலைவலி. பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்கு ஃபுளோரைடு பூசப் போனால் சில பெற்றோர் வேண்டாம் என்கிறார்களாம். அது விஷம் என்று கைப்பேசியில் யாரோ பேசியதைப் பார்த்துவிட்டு, வீட்டில் பற்பசையையும் நிறுத்திவிட்டார்களாம். ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “ஒங்க காலத்துல இந்த மாதிரி யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களா மிஸி?”

ஒருத்தி சொன்னாள் என்றேன். அந்த ஒருத்தி இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் பள்ளிப் பல் தாதியாக இருந்தவள். பினாங்கில் பயிற்சி. வீட்டு நினைவில் அழுதது பாதி, பிளாஸ்டிக் பல்லைக் குடைந்து அடைத்துப் பழகியது பாதி என்று அந்த வருடங்கள் ஓடிவிட்டன. பிறகு வடக்கு சிலாங்கூர்தான் என் உலகம். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அசாம் ஜாவா வரைக்கும் உள்ள தோட்டத்துப் பள்ளிகளுக்கு மடக்கு நாற்காலியையும் கருவிப் பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். நூலகத்தின் ஒரு மூலையைக் கொடுப்பார்கள். அதுதான் எங்கள் மருத்துவமனை. தாதிகள் எல்லாரையும் தோட்டத்து மக்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் நான் பல் புடுங்கி மிஸி. வேன் வாசலில் திரும்பும்போதே கழிப்பறைகள் எல்லாம் நிறைந்துவிடும்.

எங்கள் முதல் வேலை பல் பிடுங்குவது அல்ல, பல் தேய்க்க வைப்பது. பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையுடன் பள்ளிக் கால்வாய் ஓரமாக வரிசையாகக் குந்துவார்கள். முதலில் ஒரு சிவப்பு வில்லையைச் சப்பச் சொல்வோம். அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவந்துவிடும். வெற்றிலை போட்ட வாயைப்போல இருக்கும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்து உருளுவார்கள். அதற்குப் பிறகு பிரஷில் பட்டாணி அளவு பற்பசை. தேய், துப்பு, விழுங்காதே. துப்பிய பிறகு குவளைத் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடாதே. நான் மலாயிலும் தமிழிலும் கத்திக் கத்தி இன்றைக்கும் என் குரல் இப்படித்தான் இருக்கிறது.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் ஓங். உயரமான மனிதர், மெதுவான பேச்சு. பல்லைப் பார்க்கும் வாய்க்கண்ணாடியை எடுத்ததும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருப்பார். குளிர்ந்த இரும்பு உதட்டில் பட்டால் பிள்ளை பயப்படும் என்பார். ஊசியைக் காட்டாமல் ஒளித்துவைத்துக் குத்துகிற பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. அவர் அப்படிச் செய்யமாட்டார். வலிக்கும், கொஞ்ச நேரம்தான் வலிக்கும் என்று பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல். அதில் ஒன்று ‘வலிக்கும்’. இதென்ன மனிதர், பிள்ளையை வீணாக அழவிடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அவரிடம் அழுத பிள்ளைகள் அடுத்த முறையும் அவரிடமே வந்து நின்றதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஃபுளோரைடு என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரியும்படி சொன்னவரும் அவர்தான். பல்லின் மேலோடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். நாம் சாப்பிடும் சீனியை வாயில் இருக்கும் கிருமிகளும் சாப்பிட்டு அமிலத்தை விடுகின்றன. அமிலம் பட்டால் படிகத்திலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறும். எச்சில் ஊறி அமிலம் தணிந்ததும் போனது திரும்ப வந்து ஒட்டும். கோலசிலாங்கூர் ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்குவதுபோல இது நாள் முழுவதும் நடக்கிறது. போவது அதிகமாகி வருவது குறைந்தால் பல்லில் முதலில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஓட்டை.

பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு, கரைந்துபோன கால்சியம் மறுபடி வந்து ஒட்டுவதற்கு உதவுகிறது. ஒட்டும்போது தானும் படிகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உருவாகும் மேலோடு அமிலத்துக்கு முன்போல எளிதில் கரைந்து கொடுக்காது. ஆனால் அதன் அதிகாரம் வெள்ளைத் திட்டு வரைக்கும்தான். ஓட்டை விழுந்த பல்லை எந்தப் பற்பசையாலும் மூட முடியாது. நகரத்துக் குழாய்நீரில் கொஞ்சம் ஃபுளோரைடு கலந்து வரும். நான் சொல்லப்போகும் தோட்டத்தில் அப்போது தோட்டத்துச் சொந்தத் தொட்டித் தண்ணீர்தான், அதில் ஃபுளோரைடு கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே காவல் பற்பசை.

லோகேஸ்வரியை முதலில் பார்த்தது அந்தத் தோட்டத்துப் பள்ளியில்தான். அசாம் ஜாவாவுக்கு உள்ளே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில். அவளுக்கு ஏழு வயது. வாயைத் திறந்ததும் பின்னால் புதிதாக முளைத்திருந்த நான்கு கடைவாய்ப்பற்களிலும் வெள்ளைத் திட்டு தெரிந்தது. கீழே வலப்பக்கத்துப் பல்லில் திட்டு பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. இந்த நான்கு பற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பாற்பல்லும் விழாமலேயே ஆறு வயதில் இவை பின்வரிசையில் சத்தமில்லாமல் முளைத்துவிடும். அதனால் வீட்டில் எல்லாரும் இவற்றையும் பாற்பல் என்றே நினைப்பார்கள். சொத்தை என்றால், விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று விட்டுவிடுவார்கள். முளைக்காது. ஆயுசுக்கும் அவ்வளவுதான்.

எதைக்கொண்டு பல் தேய்க்கிறாய் என்று லோகாவிடம் கேட்டேன். உப்பு, சில நாள் அடுப்புக்கரி என்றாள். பேஸ்ட் வாங்கவில்லையா என்றேன். அம்மா எறிந்துவிட்டது என்றாள். சரி, இந்த அம்மாளை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

அஞ்சலை தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்குகிறவள். மறுநாள் வேலை முடிந்து காலணிச் சேற்றோடு வந்து நூலக வாசலிலேயே நின்றாள். நாலு பிள்ளைகளின் தாயைப்போல ஓய்ந்திருந்தாள். ஆனால் லோகா ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை ஆகிவிட்டவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிடிக்க நினைத்த பிடியை நான் பிடிக்கவில்லை. பேஸ்ட்டை ஏன் எறிந்தீர்கள் என்று கேட்டதும் அவள் தன் மகனைப் பற்றிச் சொன்னாள். லோகாவுக்கு மூத்தவன் முரளி. வீட்டுக்குப் பின்னால் மண்டியிருந்த புல்லுக்கு அடிக்கலாம் என்று, தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி யாரோ வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவந்த பையன் ஒரு வாய் குடித்துவிட்டான். போத்தலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு சட்டம். கடையிலிருந்து எது வந்தாலும், பிஸ்கட்டோ துவைக்கிற சவர்க்காரமோ, லோகா அதிலிருக்கும் எழுத்தை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அது வீட்டுக்குள் போகும்.

அப்படித்தான் பற்பசை டியூபையும் லோகா படித்தாள். விழுங்கக்கூடாது. சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பள்ளியில் முதல் வரிசையில் உட்காருகிற பிள்ளை, ஓர் எழுத்துகூட விடாமல் மலாயில் படித்துத் தமிழில் விளக்கமும் சொல்லியிருக்கிறாள். அஞ்சலை டியூபை அப்படியே குப்பையில் போட்டுவிட்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, பேஸ்ட்டால் ஒன்றும் ஆகாதும்மா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான் மிஸி சொன்னாங்க. ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு கடசி வரைக்கும் சொன்னாங்க. எனக்கு அது வேணாம். இது வெசமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

டாக்டர் ஓங் மறுபக்கம் ஒரு பிள்ளைக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். அவள் கேட்டதை மலாயில் அவருக்குச் சொன்னேன். இல்லை என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவர் அஞ்சலையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினார். நிறைய விழுங்கினால் விஷம்தான். சின்னப் பிள்ளை ஒரு டியூபைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆபத்து. பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துத் துப்பினால் மருந்து. தேய்க்காவிட்டால் இந்தப் பல் போய்விடும். நான் ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். குறைக்கலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தால் குறைக்க முடியவில்லை.

அஞ்சலை தலையாட்டினாள். வெளியே காத்திருந்த லோகாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வேனில் திரும்பும்போது டாக்டரிடம் சண்டை போட்டேன். பொய் சொல்ல வேண்டாம், விஷம் என்ற சொல்லையாவது விட்டிருக்கலாமே என்றேன். அந்த அம்மாவிடம் இதுவரைக்கும் யாரும் உண்மை பேசவில்லை, நாமும் பேசாவிட்டால் அவர் வேறு எங்கே போவார் என்றார் டாக்டர். எனக்குக் கோபம் இறங்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பள்ளிக்குப் போனபோது கீழ்ப்பல் ஓட்டையாகிவிட்டிருந்தது. அஞ்சலையைப் பார்க்க அவர்களுடைய லயத்து வீட்டுக்கே போனேன். உபசரிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை, பாலில்லாத வரக்கோப்பி போட்டுக் கொடுத்தாள். பற்பசையைப் பற்றிப் பேச்செடுத்ததும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாள். அதற்கும் அடுத்த முறை லோகா கன்னம் வீங்கி, காய்ச்சலோடு கோலசிலாங்கூர் மருத்துவமனைக்கு வந்தாள். ஓட்டை நரம்புவரை போய், வேரில் சீழ் கோத்திருந்தது. காப்பாற்ற என்ன வழி என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். வழி இல்லை. மருந்து கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு வரச்சொல்லிப் பல்லை எடுத்தோம். ‘வலிக்கும்’ என்றார் டாக்டர். லோகா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், கத்தவில்லை.

பஞ்சைக் கடிக்க வைத்து வெளியே அழைத்து வந்தேன். அஞ்சலை பல்லைக் கேட்டாள். தோட்டத்தில் எல்லாரும் கேட்பதுதான். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும். பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். இவ்வளவு பெரிசா என்று கேட்டாள். பிறகு, கூரைமேல போட்டுடறேன் மிஸி, எப்ப முளைக்கும் என்றாள்.

என் முப்பது வருட வேலையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கொடுமையான வார்த்தை அதற்கு நான் சொன்ன பதில்தான். “இது மொளைக்காதும்மா. இது பால்பல்லு இல்ல.”

அவள் பல்லை மறுபடி பஞ்சில் சுற்றினாள். “இதுவும் போயிருச்சா” என்றாள். அவ்வளவுதான். நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தாதி நோயாளியின் முன்னால் அழக்கூடாது என்று பினாங்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எதை எதையோ சொல்லிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து நேரே உள்ளே போனாள். டாக்டர் ஓங் கை கழுவிக்கொண்டிருந்தார். மத்த மூணு பல்லு இருக்குமா என்று அவரிடம் கேட்டாள். நான் மலாயில் சொன்னேன். ஃபுளோரைடு பூசி, தினமும் பேஸ்ட்டால் தேய்த்தால் இருக்கலாம், உறுதி கொடுக்க முடியாது என்றார். அன்றைக்கும் அந்த மனிதர் ‘உறுதி கொடுக்க முடியாது’ என்றுதான் சொன்னார். அதைக் கேட்டதும் அஞ்சலை தலையை நிமிர்த்தினாள்.

“இவரு பொய் சொல்ல மாட்டாரு. மொதல்ல எனக்குப் பூசச் சொல்லுங்க மிஸி.”

டாக்டர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, சின்னத் தூரிகையால் அந்த மஞ்சள் பூச்சை ஒவ்வொரு பல்லாகப் பூசினார், அவளும் ஒரு பிள்ளை என்பதுபோல. முடிந்ததும், பார்த்தீர்களா, இனி லோகாவுக்குப் பூசலாமா என்று நான் கேட்டேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“அடுத்த வாரம் வரேன். அவனும் மொத நாளு சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்.”

முரளி குடித்த மருந்து மெதுவாகக் கொல்லும் மருந்து. முதல் நாள் பையன் கதை பேசியிருக்கிறான், ரொட்டி கேட்டிருக்கிறான். நஞ்சைப் பற்றி அவள் படித்த பாடம் அது. எங்கள் வேதியியல் அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த வாரம் முழுவதும் லோகா பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் ‘அம்மா, நல்லா இருக்கியா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். சொன்ன நாளில் இருவரும் வந்தார்கள். மற்ற மூன்று பற்களுக்கும் பூசினோம். அந்த மூன்றும் லோகாவின் வாயில் இன்றைக்கும் இருக்கின்றன.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது அவர்கள் புக்கிட் செந்தோசாவுக்குப் போனார்கள். லோகா படித்து, ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்து, கல்யாணமும் ஆகி, அம்மாவைத் தன்னுடனே வைத்துக்கொண்டாள். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு முறுக்கு வரும். பல் இருக்கிற வரைக்கும் தின்னுங்க மிஸி என்று அஞ்சலை தொலைபேசியில் கேலி செய்வாள். டாக்டர் ஓங் காலமான செய்தியைச் சொன்னபோது மட்டும் அவள் கேலி செய்யவில்லை. அவருக்கு ஒரு விளக்கு வைக்கிறேன் என்றாள்.

அஞ்சலைக்கு இருதயம் நின்றுபோனது தூக்கத்தில். பதினாறாம் நாள் கருமகிரியைக்குப் போயிருந்தேன். எல்லாரும் போன பிறகு லோகா என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பலகைமேல் கத்தரியால் நீளவாக்கில் வெட்டித் திறந்த ஒரு பற்பசை டியூப் இருந்தது. உட்புறம் சுரண்டிச் சுரண்டி வெள்ளைத் தகடு பளபளத்தது. பக்கத்தில் பிரிக்காத புது டியூப்.

விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் எந்தப் புது டியூப் வந்தாலும் ஒரு வாரம் அஞ்சலை மட்டும்தான் அதில் பல் தேய்ப்பாளாம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். லோகாவின் மகள் தாராவுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இதுதான் பழக்கம். வெட்டிக் கிடந்தது அம்மா கடைசியாகத் தேய்த்துப் பார்த்த டியூப். அதை மகளுக்காகச் சுரண்டி வைத்தாள் லோகா. அன்று காலை அதுவும் தீர்ந்துவிட்டது.

“எனக்கே தெரியும் மிஸி, இது ஒண்ணும் செய்யாதுன்னு. ஆனா புதுச பிரிக்க கை வரல லா” என்றாள். அழுதபோது வலப்பக்கத்து இடைவெளி தெரிந்தது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாரம் அங்கேயே தங்கினேன். இதைப் படிக்கிற இளையவர்கள், விஷயம் தெரிந்தவள் செய்கிற காரியமா இது, தாரா அன்றைக்கே தேய்த்திருக்கலாமே என்று கேட்கக்கூடும். கேளுங்கள். எனக்கும் தெரியும். மறுநாள் காலையில் புது டியூபைப் பிரித்து, அதிலிருந்த எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துவிட்டு, பட்டாணி அளவு எடுத்து, எனக்கு மிச்சமிருக்கிற பற்களைத் தேய்த்தேன். தாரா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் என் முகத்தருகே வந்து, ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் லோகாவைக் கேட்கவில்லை. வாரம் முழுவதும் தினமும் கேட்டாள்.

கடைசி நாள் காலையிலும் கேட்டாள். நல்லா இருக்கேன் தாயி என்று சொல்லி அவள் பிரஷில் பட்டாணி அளவு வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், லோகாவும் தன் பிரஷை நீட்டிக்கொண்டு நின்றாள்.